நாற்பத்து நான்கு தப்பு

"மிஸ், நூத்தி முப்பத்தோரு மாதிரித் தேர்வு எழுதிட்டேன். மார்க் அசைய மாட்டேங்குது" என்றான் அமலன்.

"அப்போ நூத்தி முப்பத்திரண்டாவதை எழுதாதீங்க" என்றாள் ஷமீமா.

அறந்தாங்கியில் அவளுடைய மாமாவுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அதன் மாடியிலிருந்த சாப்பாட்டுக் கூடத்தில்தான் வகுப்பு. நீளமான மேசைகளில் எப்போதும் லேசாக ரசம் மணக்கும். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பதினாறு பேர் அங்கே வந்தார்கள். எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது.

அமலனுக்கு முப்பது. ஷமீமாவுக்கு இருபத்தாறு.

அவன் ஆம்புலன்சில் வேலை செய்பவன். ஓட்டுநர் அல்ல, பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருகிறவன். காக்கிச் சட்டையோடே வந்திருந்தான். கையில் ஒரு சாக்கு.

"சாக்குல என்ன?"

"எழுதின தாள் எல்லாம்."

"எதுக்கு டாக்டர் ஆகணும் உங்களுக்கு?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. சாக்கைக் கீழே வைத்தான்.

"எட்டு வருஷமா ஆளுங்களைத் தூக்கிட்டுப் போய் அவசரப் பிரிவு வாசல்ல விடறேன். கதவு மூடிக்குது. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போகணும்."

ஷமீமா தலையசைத்தாள்.

"எத்தனை தடவை எழுதியிருக்கீங்க?"

"மூணு. வர்ற மே மாசம் நாலாவது. அதுதான் கடைசி. என் பொண்ணை ஜூன்ல ஸ்கூல்ல சேர்க்கிறோம். அதுக்குமேல இப்படிப் பாதி வேலை, பாதி படிப்புன்னு ஓட்ட முடியாது. வீட்டம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"கடைசியா எவ்வளவு வாங்கினீங்க?"

"நானூத்தி முப்பத்தாறு."

"அதுக்கு முன்னாடி?"

"நானூத்தி முப்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி நானூத்தி முப்பத்தொண்ணு."

"ஒரே இடத்துல நிக்கிறீங்க."

"அதனாலதான் வந்தேன்."

"சாக்கிலேர்ந்து ஒரு தாளை எடுங்க" என்றாள் ஷமீமா. "ஒண்ணு போதும்."

*

அவன் மேலாக இருந்ததை எடுத்தான். போன வாரம் எழுதியது. அதிலும் நானூற்று முப்பத்தாறு.

நூற்றி எண்பது கேள்வி. சரியான விடைக்கு நாலு மார்க். தப்பான விடைக்கு ஒன்று குறையும். எழுதாமல் விட்டால் ஒன்றும் இல்லை. அவன் நூற்றி இருபது சரியாக எழுதியிருந்தான். நாற்பத்து நான்கு தப்பு. பதினாறு எழுதவில்லை.

"பதினேழாவது கேள்வி ஏன் தப்பாச்சு?" என்று கேட்டாள்.

அவன் பார்த்தான்.

"கவனக்குறைவு மிஸ்."

"இருபத்தி மூணு?"

"அதுவும் கவனக்குறைவுதான்."

"முப்பத்தொண்ணு?"

அவன் மறுபடி தாளைப் பார்த்தான்.

"அந்த வார்த்தை இங்கே கிடையாது" என்றாள். "நாப்பத்தி நாலுக்கும் காரணம் எழுதிட்டு வாங்க."

மறுநாள் எழுதிக்கொண்டு வந்தான். 'அவசரம்' என்று பன்னிரண்டு இடத்தில் இருந்தது. 'பதற்றம்' என்று ஒன்பது இடத்தில். 'தூக்கக் கலக்கம்' என்று ஐந்து இடத்தில்.

ஷமீமா படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இதெல்லாம் காரணம் இல்லை. மறுபடி எழுதுங்க."

அடுத்த நாளும் எழுதி வந்தான். அதையும் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அவனுக்குக் கோபம் வந்தது.

"மிஸ், எனக்கு ஆறு மாசம்தான் இருக்கு. ஒரு பாடம்கூட நடத்தாம இந்தப் பழைய தாளையே வச்சுக்கிட்டு என்ன பண்றோம்?"

ஷமீமா அவன் கையிலிருந்த உயிரியல் புத்தகத்தைப் பார்த்தாள். அட்டை கிழிந்து ஒட்டியிருந்தது. எல்லாப் பக்கத்திலும் மூன்று நிறத்தில் கோடு.

"இதை எத்தனை தடவை முடிச்சிருக்கீங்க?"

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆறு தடவை."

"இந்தத் தாள்ல உயிரியல்ல எத்தனை தப்பு?"

"ரெண்டே ரெண்டு."

"வேதியியல்?"

"பதினஞ்சு."

"இயற்பியல்?"

"...இருபத்தேழு."

"தினமும் படிக்க உட்கார்ந்தா முதல்ல எந்தப் புத்தகத்தை எடுப்பீங்க அண்ணே?"

அமலன் கையிலிருந்த உயிரியல் புத்தகத்தைப் பார்த்தான்.

ஷமீமா அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு எழுந்தாள். பாத்திரங்கள் அடுக்கி வைத்திருந்த அறைக்குப் போனாள். ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கிற அண்டா ஒன்று இருந்தது. அதற்குள் புத்தகத்தைப் போட்டாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

*

அன்று மாலை மாடிப்படியில் இலக்கியா என்கிற மாணவி அவனைப் பிடித்தாள்.

"அண்ணா, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? மிஸ்ஸே இந்தப் பரீட்சையை எழுதியிருக்காங்க. மூணு தடவை. சீட் கிடைக்கலை."

அவன் படியேறித் திரும்பி வந்தான். ஷமீமா மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நீங்க மூணு தடவை எழுதிப் பாஸாகலைன்னு சொல்றாங்க. உண்மையா?"

"இல்லை" என்றாள். "நாலு தடவை."

துடைப்பதை அவள் நிறுத்தவில்லை.

அமலன் சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

*

ஒன்பது நாள் அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

பத்தாவது நாள் காலை பத்தரைக்கு ஓர் அழைப்பு. கட்டுமாவடி சாலையில் ஒரு டீக்கடை வாசலில் ஆள் விழுந்து கிடக்கிறார். ஆம்புலன்ஸ் போனபோது கூட்டம் கூடியிருந்தது.

"குடிச்சிருக்கான் சார்" என்றார் ஒருவர்.

"இல்லை, வலிப்பு" என்றார் இன்னொருவர். ஒரு பெண் இரும்புச் சாவியோடு நின்றாள்.

அமலன் கூட்டத்தை விலக்கினான். மண்டியிட்டு உட்கார்ந்தான். மூச்சைப் பார்த்தான். நாடியைப் பார்த்தான். விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தான். "ரெண்டு கையையும் தூக்குங்க ஐயா" என்றான். வலது கை எழுந்தது. இடது கை பாதியில் விழுந்தது.

"இவர் எப்போ விழுந்தார்? சரியா எத்தனை மணிக்கு?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டான்.

"பத்தே கால் சார். ரேடியோவுல செய்தி முடிஞ்சு பாட்டுப் போட்டாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் இளம் மருத்துவர் ஒருவர் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"என்னன்னு எனக்குத் தெரியாது டாக்டர். பார்த்ததைச் சொல்றேன். பத்தே காலுக்கு விழுந்திருக்கார். பேச்சு குழறுது. இடது கை தூக்க வரலை. சர்க்கரை நூத்திப் பத்து. பிரஷர் நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து."

"இது போதும்" என்றார் மருத்துவர். தள்ளுவண்டி உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

அமலன் வண்டிக்குத் திரும்பி நடந்தான். பாதி வழியில் நின்றான். அப்புறம் தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தான்.

ஓட்டுநர் சிவநேசன் ஜன்னலில் தலையை நீட்டினார். "என்னடா சிரிக்கிறே?"

"அந்த டாக்டர்கிட்ட 'கவனக்குறைவால விழுந்துட்டார்'னு சொல்லியிருந்தா என்னண்ணே ஆகியிருக்கும்?"

"செருப்பால அடிச்சிருப்பாரு."

"அதைத்தான் நான் மூணு நாளா எழுதிட்டிருந்தேன்."

சிவநேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியைக் கிளப்பினார்.

*

வீட்டில் அன்று ரீனா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் தாளோடு சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"ரீனா, நான் ஒவ்வொரு தப்பா சொல்றேன். எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். உனக்குப் புரியலைன்னா நிறுத்து."

"எனக்கென்ன தெரியும் இயற்பியல்?"

"தெரியாததாலதான் உன்கிட்ட சொல்றேன்."

முதல் தப்பைச் சொன்னான். "இந்தக் கேள்வியில தூரத்தைச் சென்டிமீட்டர்ல குடுத்திருந்தாங்க. நான் மீட்டராக்கல. அப்படியே போட்டுட்டேன்."

"புரியுது. அளவு தப்பு. துணிக்கடையில நான் அளவை மாத்திச் சொன்ன மாதிரி."

"அடுத்தது. நாலு வாக்கியம் குடுத்து, இதுல தவறானது எதுன்னு கேட்டிருக்காங்க. நான் சரியானதைத் தேடியிருக்கேன்."

"கேள்வியைப் படிக்கவே இல்லைன்னு சொல்லுங்க."

"படிச்சேன். பாதிதான் படிச்சேன்."

"அடுத்தது?"

"முதல்ல சரியான விடையைத்தான் எழுதியிருக்கேன். கடைசி அரை மணி நேரத்துல மாத்திட்டேன்."

"ஏன் மாத்தினீங்க?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"அவ்வளவு சுலபமா இருக்காதுன்னு தோணிச்சு."

ரீனா கத்தியைக் கீழே வைத்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்தது?"

"இது... தெரியாது. குத்துமதிப்பா போட்டேன்."

"அதுக்கடுத்தது?"

"அதுவும் தெரியாது."

நாற்பத்து நான்கையும் சொல்லி முடிக்க ஆறு நாள் ஆயிற்று. வேலை முடிந்து வந்து ஏழு, எட்டு என்று சொன்னான். சில தப்புக்கு ரீனா, "இது புரியலை, நீங்க மழுப்புறீங்க" என்றாள். அவள் சொன்ன இடங்களில் உண்மையிலேயே மழுப்பித்தான் இருந்தான்.

கடைசித் தப்பு முடிந்ததும் அவள் கேட்டாள். "அந்த டீச்சர் நாலு தடவை கோட்டை விட்டவங்கன்னுதானே கோவிச்சுட்டு வந்தீங்க?"

"ஆமா."

"அவங்க சொன்னதைத்தானே இப்போ செஞ்சு முடிச்சீங்க?"

*

அவன் போன நாள் முகூர்த்த நாள். மண்டபத்தில் வாழை மரம் கட்டியிருந்தது. ஒலிபெருக்கி அலறியது. ஷமீமா பின்பக்கம் மளிகைச் சாமான் வைக்கும் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இயற்பியல் கணக்கு.

அமலன் நான்கு பக்கத்தை அவளிடம் நீட்டினான்.

அவள் வரி வரியாகப் படித்தாள். வெளியே இரண்டு பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கியது.

"கேள்வியைப் பாதி படிச்சது ஏழு" என்றாள்.

"ஆமா மிஸ்."

"அளவை மாத்தாதது ஆறு. சரியா எழுதிட்டுக் கடைசியில மாத்தினது ஒன்பது."

"ஆமா."

"மீதி இருபத்திரண்டு?"

"எனக்குத் தெரியாதது. தெரிஞ்ச மாதிரி எழுதினது."

ஷமீமா முதல் முறையாகச் சிரித்தாள்.

"இந்தாங்க" என்று ஒரு புதுத் தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நூத்தி முப்பத்திரண்டாவது. உட்கார்ந்து எழுதுங்க. தெரிஞ்சதை எழுதுங்க. தெரியாததைத் தொடாதீங்க. எழுதினதை மாத்தாதீங்க."

"இப்பவா? இந்தச் சத்தத்துலயா?"

"எந்தச் சத்தம்?" என்றாள் ஷமீமா.

அவன் ஒரு பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்தான். மூன்று மணி நேரம். தாலி கட்டினார்கள். கெட்டிமேளம் கேட்டது. முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்கு இலை போட்டார்கள். யாரோ ஒரு மாமா அறைக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்.

ஷமீமா திருத்தினாள்.

சரி நூற்றிப் பதினெட்டு. தப்பு பன்னிரண்டு. எழுதாதது ஐம்பது.

"சரியா எழுதினதுல ரெண்டு குறைஞ்சிருச்சே மிஸ்" என்றான் அமலன்.

"மார்க்கைக் கூட்டுங்க."

கூட்டினான். நானூற்று அறுபது. மறுபடி கூட்டினான். நானூற்று அறுபதுதான்.

"புதுசா ஒண்ணும் படிக்கவே இல்லையே நான்!"

"இல்லை."

"இருபத்தி நாலு கூடியிருக்கு!"

"ஆமா. வாங்க, மூணாவது பந்திக்குப் போவோம். பசிக்குது."

*

எழுதாமல் விட்ட ஐம்பதையும் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதச் சொன்னாள். ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஆம்புலன்சில் வைத்துக்கொண்டான். அழைப்பு இல்லாத நேரத்தில் ஒன்றை எடுப்பான். அது புரிகிற வரைக்கும் அடுத்ததை எடுக்க மாட்டான்.

ஒரு துண்டு நான்கு நாள் எடுத்தது. சுழலும் சக்கரத்தைப் பற்றிய கேள்வி. சிவநேசன் பொறுக்க முடியாமல் வண்டியின் உபரிச் சக்கரத்தைக் கழற்றி அவன் முன்னால் உருட்டிவிட்டார்.

"பாரு, நல்லா பாரு. இதுல என்னதான்டா இருக்கு?"

அமலன் பார்த்தான். அன்று மாலையே அந்தக் கணக்கு வந்தது.

பிப்ரவரியில் ஷமீமா, "நாளைக்கு நீங்க வகுப்பு எடுங்க" என்றாள். "சுழற்சி இயக்கம்."

"நானா? எனக்கே போன மாசம்தான் புரிஞ்சுது."

"அதனாலதான் சொல்றேன். எனக்குப் புரிஞ்சு ரொம்ப நாளாச்சு. எங்கே இடிக்கும்னு மறந்துபோச்சு."

பதினாறு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றான். முக்கால் மணி நேரம் நன்றாகப் போயிற்று. அப்போது இலக்கியா கையைத் தூக்கினாள்.

"அண்ணா, சரிவுல உருண்டு வர்ற கோளமும் வளையமும் ஒரே எடைன்னா, கோளம் ஏன் முதல்ல கீழே வருது? சூத்திரம் வேண்டாம். ஏன்னு சொல்லுங்க."

அமலன் பலகையைப் பார்த்தான். வாயில் ஒரு பதில் வந்து நின்றது. பாதி சரியாக இருக்கக்கூடிய பதில். பழைய அமலன் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"சூத்திரம் இல்லாம சொல்ல எனக்குத் தெரியாது" என்றான். "நாளைக்குத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. இலக்கியா, "சரிண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் வந்து சொன்னான். இனி சாகும்வரை அது அவனுக்கு மறக்காது.

அந்த வாரம் ஷமீமா பாத்திர அறையைத் திறந்து உயிரியல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். இடையில் நாலு கல்யாணம் நடந்திருந்தது. புத்தகத்தில் பெருங்காய வாசனை.

"இதை வாரத்துக்கு ஒரு நாள் படிங்க" என்றாள். "ஆசைக்கு."

*

மார்க் ஏறியது. நானூற்று எழுபத்தொன்பது. ஐந்நூற்று மூன்று. ஐந்நூற்று முப்பது. அமலன் மண்டபப் படிகளை இரண்டு இரண்டாக ஏறத் தொடங்கினான்.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அன்று எழுதிய தாளில் நானூற்றுத் தொண்ணூற்று நான்கு வந்தது.

அவன் ஷமீமாவிடம் ஓடினான்.

"முடிஞ்சுது மிஸ். முப்பத்தாறு மார்க் விழுந்துருச்சு. கடைசி நேரத்துல இப்படி ஆயிருச்சு."

"எங்கே விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒளியியல்ல மூணு. குவிலென்சுக்கும் குழிலென்சுக்கும் குறியை மாத்திப் போட்டுட்டேன், ஒரே தப்பு மூணு இடத்துல. வேதியியல்ல ரெண்டு, சமன்பாட்டைச் சமன் பண்ணாமலே கணக்குப் போட்டேன். அப்புறம் மின்சுற்றுல மூணு கேள்வியை நேரம் பத்தாம விட்டேன், ஏன்னா அதுக்கு முன்னாடி இருந்த ஒரு கேள்வியில ஏழு நிமிஷம் உட்கார்ந்துட்டேன். ரெண்டு நிமிஷத்துல எழுந்து போயிருக்கணும்."

அவன் தாளைப் பார்க்காமலே சொன்னான்.

"இதுக்கு என்ன செய்யணும்?"

"இன்னைக்கு லென்ஸ் குறி. நாளைக்குச் சமன்பாடு. அதுக்கப்புறம் கடிகாரத்தை வச்சு..."

அவன் நிறுத்தினான்.

"அப்புறம் எதுக்கு அண்ணே என்கிட்ட வந்தீங்க?" என்றாள் ஷமீமா.

அமலன் தாளை மடித்தான். பிறகு கீழே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, லென்சில் ஆரம்பித்தான்.

*

தேர்வு நாள். புதுக்கோட்டையில் ஒரு மையம். ரீனாவும் மகளும் வாசல் வரைக்கும் வந்தார்கள்.

"அப்பா எப்போ வருவாங்க?" என்று மகள் கேட்டாள்.

"எழுதிட்டு வருவாங்க" என்றாள் ரீனா.

வரிசையில் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் பள்ளி முடித்த பிள்ளைகள். ஒரு காவலர் அவனைப் பார்த்து, "பெற்றோர் எல்லாம் வெளியில இருங்க சார்" என்றார். அமலன் அனுமதிச் சீட்டைக் காட்டினான். அவர் சல்யூட் அடிக்கப் போனவர் போலக் கையைத் தூக்கி, வழி காட்டினார்.

கேள்விகளை முழுசாகப் படித்தான். அளவுகளைக் கவனித்து மாற்றினான். ஏழு நிமிடம் கேட்ட கேள்வியிலிருந்து இரண்டு நிமிடத்தில் எழுந்து போனான். பழகின தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது.

இருபத்தைந்து நிமிடம் மீதி இருக்கும்போது முடித்துவிட்டான். இருபத்திரண்டு இடம் காலி. எண்பத்தெட்டாம் கேள்வி அவனைக் கூப்பிட்டது. பதில் ரொம்பச் சுலபமாக இருக்கிறது, மாற்று, மாற்று என்றது. கை கொஞ்ச தூரம் போனது. அதை எடுத்து மேசை மேல் வைத்தான்.

கண்காணிப்பாளர் அம்மா அருகே வந்தார். "நேரம் இருக்கே சார்?"

"தெரியும் மேடம்" என்றான் அமலன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வேப்ப மரத்தில் அணில் ஒன்று தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. மணி அடிக்கிற வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. அந்த வருடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

முதலில் ரீனாவிடம் சொன்னான். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு சிவநேசனிடம் சொன்னான். அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி ஆம்புலன்ஸ் சைரனை ஒரு முறை போட்டுவிட்டு, பயந்துபோய் நிறுத்தினார்.

மாலையில் மண்டபத்துக்குப் போனான். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. இலக்கியாவுக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் போதுமான மார்க் கிடைத்திருந்தது. அவர்கள் ஆடி ஓய்ந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஷமீமா மட்டும் ஒரு மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தாள்கள்.

"ஐந்நூத்தி ஐம்பத்திரண்டு மிஸ்."

"கேள்விப்பட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் போகப் போறீங்க."

"உங்களாலதான்."

"நான் ஒரு பாடமாவது நடத்தினேனா உங்களுக்கு?"

அவன் சிரித்தான். இனிப்பை வைத்தான். ஆறு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

"மிஸ், தப்பா நினைச்சுக்காதீங்க. இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஏன் அஞ்சாவது தடவை எழுதலை?"

"எழுதினேனே."

"எப்போ?"

"உங்ககூடத்தான். அதே நாள். எனக்குத் திருச்சியில மையம்."

அமலன் திகைத்துப் போனான். "எவ்வளவு?"

"அறுநூத்தி அறுபத்தஞ்சு."

"மிஸ்! சென்னையிலேயே கிடைக்குமே உங்களுக்கு! சொல்லவே இல்லையே!"

"சீட்டுக்கு நான் பதிவு பண்ணப் போறதில்லை அண்ணே. ரத்தத்தைப் பார்த்தா எனக்குத் தலை சுத்தும். வாப்பாவுக்கு ஆசைன்னு நாலு தடவை எழுதினேன். எனக்கு டாக்டர் வேலை வேண்டாம்னு ஒத்துக்கறதுக்கு அவ்வளவு நாளாச்சு. பாடம்தான் எனக்குப் பிடிக்கும்."

"அப்போ இந்தத் தடவை எதுக்கு எழுதினீங்க?"

ஷமீமா தாளை அவன் பக்கம் திருப்பினாள். அவள் கண்கள் பளபளத்தன. இனிப்புப் பெட்டியை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.

"மூணு தப்பு. பத்து தெரியலை" என்றாள். "அதுலயும் இந்த நாப்பத்தோராவதைப் பாருங்களேன், இப்படி ஒரு இடத்துல நான் விழுவேன்னு நினைச்சதே இல்லை. உட்காருங்க, சொல்றேன்."

அமலன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.